ஆளைத் தேடிய ராயப்பன் சார்

நாகஜோதி ஆயா வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாம் நாள், தாளாளர் அறையில் இருந்த கண்ணாடிக் கேடயம் உடைந்தது. உடைந்தது என்று சொல்லக் கூடாது. நாகஜோதிதான் உடைத்தாள்.

திருமங்கலம் போகிற சாலையில், கப்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற தனியார் பள்ளிக்கூடம் அது. அலமாரியைத் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். ஈரத்துணியை மேல்தட்டில் போட்டு இழுத்தாள். துணியோடு கேடயமும் வந்துவிட்டது. ஏதோ ஒரு சங்கத்தார் கொடுத்த கேடயம். தாளாளர் ஜெயபாண்டி யார் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அது இப்போது தரையில் நூறு துண்டாகக் கிடந்தது. நாகஜோதி கீழே உட்கார்ந்து, துண்டுகளைப் பொறுக்கக்கூடத் தோன்றாமல், சாமி சாமி என்று பாண்டி முனியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வருகைப் பதிவில் கையெழுத்துப் போட உள்ளே வந்த ஆங்கில வாத்தியார் ராயப்பன் அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பின்னாலேயே முதல்வர் ஜெனி மேடம் ஓடிவந்தார்.

"ஐயோ! யாரு ஒடைச்சது இத?"

நாகஜோதி ஒரு துண்டைப் பொறுக்கினாள். "ஒடைஞ்சிருச்சு மேடம்" என்றாள்.

"தானா எப்பிடி ஒடையும்?"

"நான் ஒடைச்சேன் மேடம்" என்றார் ராயப்பன். "பேனா எடுக்கக் கைய நீட்டுனேன். தட்டி விட்டுட்டேன்."

அவ்வளவுதான். கையெழுத்தைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் எல்லா ஆசிரியர்களும் இருக்கிற கூட்டத்தில் தாளாளர் அவரை நிற்கவைத்துப் பேசினார். "கை நடுங்குற வயசாயிருச்சுன்னா வீட்ல இருக்கணும் வாத்தியாரே, கண்டதையும் வந்து தொடக் கூடாது" என்றார். வாசலில் தண்ணீர்ப் பானையோடு நின்ற நாகஜோதி அம்புட்டையும் கேட்டாள். ராயப்பன் தலையைக் குனிந்து, செருப்பு நுனியைப் பார்த்தபடி நின்றார். அவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மறுநாள் மாடிப்படியில் மடக்கி, அவர் காலைத் தொடப் போனாள். அவர் இரண்டு படி மேலே ஏறிவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். ஒன்னு மட்டும் சொல்லு. ஏன் 'ஒடைஞ்சிருச்சு'ன்னு சொன்ன?" என்று கேட்டார். முகத்தைப் பார்த்தால், சோற்றில் முடியைக் கண்டவர் மாதிரி இருந்தது. "எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. டம்ளர் ஒடைஞ்சிருச்சு, பணம் தொலைஞ்சிருச்சு, பிள்ளை ஃபெயிலாயிருச்சு. எல்லாம் தானா நடக்குது. ஊர்ல ஒருத்தனும் ஒன்னும் செய்யல!"

நாகஜோதிக்கு ரோசம் வந்துவிட்டது. "நீங்களும் பொய்தான சார் சொன்னீங்க."

அவர் சிரித்தார். "பொய்தான். ஆனா என் பொய்யில ஒரு ஆள் இருந்தான்ல?"

அந்த வெள்ளிக்கிழமை நாகஜோதி மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கி, கால் கிலோ அரளி வாங்கிக்கொண்டு பாண்டி கோயிலுக்குப் போனாள். 'அந்த மனுசன் சொன்ன பொய் அவரத் தொடக் கூடாது சாமி, அந்தப் பாவம் எனக்கு வரட்டும்' என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், பாண்டி முனி அவருக்காகக் கேட்குமா என்று ஒரு சந்தேகமும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தரம் சொன்னாள்.

ராயப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குப்பைக்கூடையைக் கிளறுவார்.

ஆசிரியர் அறைக் கூடை என்றால் சாதாரணமில்லை. வாழைப்பழத் தோல், சாம்பார் ஊறின இலை, மூக்குச் சிந்தின துண்டுக் காகிதம், வெயிலில் புளித்துப்போன தயிர்ச் சோறு எல்லாம் அதில்தான். நாகஜோதி அதைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இந்த மனுசர் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, ஒரு மாத்திரை அட்டையையோ முறுக்குப் பாக்கெட்டையோ எடுத்து, வேட்டியில் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பார்.

"ஆத்தாடி, என்ன சார் இது! கொமட்டுது எனக்கு. வாத்தியாரு செய்யுற வேலையா?"

"இதுல நாறுறது தோலுதான் நாகஜோதி. எழுத்து நாறல. அந்தா மேசைல இருக்கு பாரு, அதுதான் நாறுது."

மேசையில் இருந்தது பத்தாம் வகுப்பு ஆங்கிலக் கைடு. அதைக் கையால் தொடாமல் பேனா முனையால் புரட்டிக் காட்டுவார். ராமா ஒரு பாம்பைக் கொன்றான், பாம்பு ராமாவால் கொல்லப்பட்டது. கடிதம் என்னால் எழுதப்பட்டது. பால் பூனையால் குடிக்கப்பட்டது.

"முப்பது வருசமா இந்த ராமா அதே பாம்பத்தான் அடிக்கிறான். ஊர்ல எவனாச்சும் இப்பிடிப் பேசுறானா? இதப் பிள்ளைக மனப்பாடம் பண்ணி, கக்கி, மார்க்கு வாங்குது. வாந்திக்கு மார்க்கு!"

அதனால் அவர் வகுப்பில் கைடு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்துக்கு ஒரு ஆங்கில வாக்கியம் கொண்டுவர வேண்டும். வீட்டிலோ கடையிலோ பஸ்ஸிலோ கண்ணில் பட்டதாக இருக்க வேண்டும். யாரோ யாரிடமோ நிஜமாகவே சொன்னதாக இருக்க வேண்டும். பிள்ளைகள் ஷாம்பூ பாக்கெட், கொரியர் கவர், தண்ணீர்ப் பாட்டில் சுற்றின தாள் என்று கொண்டுவந்து குவித்தார்கள். அதில் நல்லதை எடுத்து ஒரு நீள நோட்டில் ஒட்டி, கீழே தேதியும் கிடைத்த இடமும் எழுதுவார். கப்பலூர் கம்பெனி கேட்டில் இருந்ததைக் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.

"யாரு தண்டிப்பா? சொல்ல மாட்டான். வாட்ச்மேனா, போலீசா, கம்பெனிக்காரனா?"

வாசல் காவலாளி சோணை இதைக் கேட்டுக்கொண்டே பீடியை அணைத்தான். "நானெல்லாம் தண்டிக்க மாட்டேன் சார். ஓடிருவேன்."

"பாத்தியா? இவன்தான் உண்மைய சொல்றான்."

ஒரு நாள் நாகஜோதி கேட்டேவிட்டாள். "அப்பிடி என்னத்தத்தான் சார் தேடுறீங்க?"

"ஆளத் தேடுறேன்."

அவர் சொன்னது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியக் கட்டு இருக்கிறது. அதில் செய்தவனைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். தள்ளினால், அவன் பேருக்கு முன்னால் 'பை' என்று ஒரு சின்னச் சொல் வரும். தமிழில் 'அவரால்' என்று சொல்கிறோமே, அந்த 'ஆல்' மாதிரி. தள்ளின பிறகு, வேண்டாம் என்றால் அந்த 'பை'யையும் ஆளையும் சேர்த்து வெட்டிவிடலாம். வெட்டினது வெளியே தெரியாது. வாக்கியம் சுத்தமாக நிற்கும்.

"கொலைகாரனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே சார்" என்றாள்.

"இலக்கணம் பாவம் செய்யல. ஆளத் தெரியாதப்ப அது வேணும். 'என் சைக்கிள் திருடப்பட்டது'ன்னா, சரி, யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டே வெட்டுறான் பாரு, அதுதான் எனக்கு அருவருப்பு." பிறகு ஒரு ஊறுகாய் பாக்கெட்டை எடுத்து, கோயில் பிரசாதம் மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இத்துனூண்டு ஊறுகா. தயாரித்தவர் இன்னார், 'பை' போட்டு பேரு, தெரு, பின்கோடு, கெட்டுப்போனா கூப்பிட போன் நம்பர். இதுக்கு இருக்கிற யோக்கியத பெரிய பெரிய ஆபீசுக்கு இல்ல."

நாகஜோதி படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆங்கில எழுத்து அரைகுறையாகத் தெரியும். அடையாள அட்டையில் தன் பேரைக் கண்டுபிடிப்பாள். அதற்குமேல் தேவைப்பட்டதில்லை. அன்றிலிருந்து கூடையைக் கொட்டும்போது இரண்டே எழுத்தை மட்டும் தேட ஆரம்பித்தாள். பி, அதற்கு அடுத்து ஒய். கிடைத்தால் எடுத்து ஓரமாக வைப்பாள். மூச்சைப் பிடித்துக்கொள்ள மறந்தே போனாள்.

ஒரு தீபாவளிக்கு மறுநாள், எண்ணெய் பிசுக்குப் பிடித்த ஒரு மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். "சார், கொட்ட எழுத்துல இருக்கு! பெரிய ஆளு போல!"

ராயப்பன் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர சிரித்தார்.

"இது ஆளு இல்ல தாயி. பைபாஸ் ரோடு. கட இருக்கிற அட்ரசு!"

சோணை அதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டான். "அக்கா, இந்த மிட்டாய் யாரால செய்யப்பட்டது? பைபாஸ் ரோட்டால செய்யப்பட்டது!" என்று ஒரு மாசம் ஓட்டினான். ஆனால் ராயப்பன் அந்த டப்பா மூடியையும் நோட்டில் ஒட்டி, கீழே 'கண்டெடுத்தவர்: நாகஜோதி' என்று எழுதியிருந்தார். நாகஜோதி அதைத் தடவிப் பார்த்தாள். அவள் பேர் ஒரு நோட்டில் ஏறினது அதுதான் முதல் தடவை.

கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு ஒரு முறை போயிருக்கிறாள். பீரோவைத் திறந்ததும் எறும்பு வரிசை. அவர் மனைவி ஞானம் தலையில் அடித்துக்கொண்டார். "பட்டுச்சேல வைக்க வேண்டிய எடத்துல ஊறுகா கவரும் மிட்டாய்ப் பேப்பரும்! இருபத்தெட்டு வருசமா இந்த எறும்போட நான் குடும்பம் நடத்துறேன் நாகஜோதி. நீயாச்சும் அவருக்குக் குப்ப எடுத்துக் குடுக்காத." சொல்லிக்கொண்டே கேக் வெட்டித் தந்தார். ராயப்பன் நோட்டை எடுத்து, எறும்பை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். எம்.ஏ. படித்தவர். அரசு வேலை வரும் வரும் என்று ஐந்து பள்ளிக்கூடம் மாறி வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர் பேசி நாகஜோதி கேட்டதில்லை.

போன ஐப்பசியில்தான் அது நடந்தது.

பெண் பிள்ளைகள் கழிப்பறை வாசலுக்கு மேலே இருந்த சிமெண்டு சன்ஷேடு ஆவணியிலேயே விரிந்திருந்தது. நாகஜோதி முதலில் பார்த்தாள். பெருக்கும்போது காரை உதிர்ந்து தலையில் விழுந்தது. ஜெனி மேடத்திடம் போய்ச் சொன்னாள். புரட்டாசியில் கம்பி தெரிந்தது. மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை மேடத்தைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். மேடம் பார்த்துவிட்டு, "சொல்லிருக்கேன் நாகஜோதி, பாக்கலாம்" என்றார். நாகஜோதி தன் பங்குக்கு ஒரு கொடிக்கயிற்றைக் கட்டி அந்தப் பக்கம் போகாமல் மறித்தாள். பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று தாளாளர் அதை அவிழ்க்கச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை, விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், இரண்டாவது பீரியடில் அது இறங்கியது. ஏழாம் வகுப்பு மீனா அடியில் இருந்தாள்.

நாகஜோதிதான் தூக்கினாள். பிள்ளையின் ரத்தம் அவள் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கியது. சோணை வண்டியை உதைத்தான். பின்னால் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு திருமங்கலம் வரைக்கும் "பாண்டி அய்யா, பாண்டி அய்யா" என்று சொல்லிக்கொண்டே போனாள். தலையில் எட்டுத் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் சனிக்கிழமை அரைநாள். தாளாளரும் ஜெனி மேடமும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தார்கள். திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து விசாரிக்க வருகிறார்களாம் என்று சோணை சொன்னான். அவர்கள் வெளியே போன பிறகு நாகஜோதி அந்த அறைக் கூடையைக் கொட்டினாள். கசக்கிப் போட்ட காகிதம் ஒன்று உருண்டு வந்தது. பழக்கத்தில் விரித்தாள். பழக்கத்தில் தேடினாள்.

முக்கால் பக்கம் எழுத்து. ஒரு இடத்தில்கூட இல்லை. கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. பி, ஒய். அதற்குப் பக்கத்தில் ஒரு சொல். அதற்கும் பக்கத்தில், அடையாள அட்டையில் இருக்கிற அதே எழுத்துகள். அவள் பேர்.

அந்தக் காகிதத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

பத்து வருசமாக, இந்தப் பள்ளிக்கூடத்திலும் இதற்கு முன்னாலும், நாகஜோதி கக்கூஸ் கழுவியிருக்கிறாள். அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் வாந்தியை அள்ளியிருக்கிறாள். அதற்கெல்லாம் வராத குமட்டல், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத அந்தக் காகிதத்துக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

ராயப்பன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். "சார், இது நெசமாவே ஆளுதான? ரோடு இல்லையே?" என்று நீட்டினாள்.

அவர் படித்தார். படித்து முடித்ததும் காகிதத்தின் ஒரு முனையை மட்டும் இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"படிச்சுச் சொல்லுங்க சார்."

"வேணாம்மா."

"சொல்லுங்க. என் பேரு இருக்குல்ல?"

சொன்னார். எதிர்பாராத கனமழை காரணமாக சன்ஷேடு இடிந்து விழுந்தது. பராமரிப்பு உரிய காலத்தில் செய்யப்பட்டிருந்தது. மாணவிக்கு உடனே முதலுதவி அளிக்கப்பட்டது. மாணவி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள்.

"கொண்டுபோனது நானும் சோணையும்ல?"

"அங்க உங்க பேரு இல்ல. அங்க 'பை'ய வெட்டிட்டாங்க."

"பெறகு?"

"கடைசில இருக்கு. அந்தப் பகுதி, ஆயா நாகஜோதியால், சரியாகக் கண்காணிக்கப்படவில்லை."

அவளுக்கு வேலை போவதுகூட அப்போது தோன்றவில்லை. மீனாவின் அம்மா நேற்று ஆஸ்பத்திரியில் தன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது தோன்றியது. இனி அந்தப் பொம்பளை இதைக் கேட்டால் என்ன நினைப்பாள்? பிள்ளையைக் காவு கொடுக்கப் பார்த்தவள் என்றல்லவா தெருவில் பார்க்கிற போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்?

அப்போது ஜெனி மேடம் வந்தார். கையில் அதே கடிதம், தட்டச்சு செய்தது. "சார், கொஞ்சம் இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுங்க. திங்கக்கெழம குடுக்கணும்." நாகஜோதியைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இங்கிலீஷ் நல்லாருக்கு மேடம்" என்றார் ராயப்பன். "ஒரு தப்பு இல்ல. அதான் நாறுது."

"சார், நான் என்ன செய்ய? அவரு சொன்னாரு, நான் எழுதுனேன்."

"இப்ப சொன்னீங்களே, அவரு சொன்னாரு, நான் எழுதுனேன்னு. எவ்வளவு சுத்தமான வாக்கியம்! அத எழுதுங்க."

மேடம் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ராயப்பன் அதை நகர்த்திவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. நாகஜோதிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஆயா நாகஜோதி விரிசலைப் பார்த்தாள். முதல்வரிடம் மூன்று முறை சொன்னாள். முதல்வர் தாளாளரிடம் சொன்னார். தாளாளர் சரிசெய்யவில்லை. நாகஜோதி மறிப்புக் கட்டினாள். தாளாளர் அவிழ்க்கச் சொன்னார். நாகஜோதியும் சோணையும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான், ராயப்பன், இதை எழுதுகிறேன்.

"கைடுல ரெண்டாம் வகுப்புக்குப் போடுவான் இந்த மாதிரி வாக்கியம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், உங்க வேல..."

"திங்கக்கெழம உன்கிட்டயும் கேப்பாங்க. என்ன சொல்லுவ?"



திங்கட்கிழமை வந்த அதிகாரி ஒரு அம்மா. தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜெயபாண்டி, சுவரோரம் ஜெனி மேடம், ஜன்னலோரம் ராயப்பன். இரண்டு கடிதமும் மேசையில் இருந்தன. கேடயம் இருந்த இடம் அலமாரியில் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"நீங்கதான் நாகஜோதியா? என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"சன்ஷேடு விழுந்துருச்சும்மா" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜெயபாண்டி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு அந்தக் கசக்கின காகிதம் ஞாபகம் வந்தது. கண்ணை மூடி, பாண்டி முனியை நினைத்துக்கொண்டு திறந்தாள்.

"இல்லம்மா. நான் சொன்னேன். மூணு தடவ சொன்னேன்."

"யாருகிட்ட?"

ஜெனி மேடம் சுவரோடு சுவராக நின்றார். நாகஜோதிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "ஜெனி மேடத்துக்கிட்ட" என்றாள்.

பிறகு ஜெனி மேடம், யாருக்கோ சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார். "ஆமா மேடம். என்கிட்ட சொன்னாங்க. நான் கரெஸ்பாண்டன்ட் சார்கிட்ட சொன்னேன். மூணு தடவயும் சொன்னேன்."

அதிகாரி ஜெயபாண்டியைப் பார்த்தார்.

"அது வந்து மேடம், ஏற்பாடு செய்யப்பட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆளுக சொல்லப்பட்டிருந்தாங்க. மழையில..."

"யாரு ஏற்பாடு செஞ்சா?"

"செய்யப்பட்டு..."

ஜன்னலோரம் ராயப்பனுக்கு இருமல் வந்தது. நாகஜோதிக்கு அடக்க முடியவில்லை. பயமும் ஆத்திரமும் சேர்ந்து, கேட்காததையும் கொட்டிவிட்டாள். "இன்னொன்னும்மா. அந்தா அலமாரில இருந்த கண்ணாடிக் கேடயம், நாலு வருசத்துக்கு முன்னாடி, ராயப்பன் சார் ஒடைக்கல. நான் ஒடைச்சேன். நான்தான் ஒடைச்சேன்."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கேடயம் என்று கேட்டார். ஜெயபாண்டிக்குப் புரிந்தது. முகம் கறுத்துப்போனது. ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

அதிகாரி எல்லோரும் சொன்னதையும் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நாகஜோதி மேல் பழி போடுகிற வழி அதோடு அடைபட்டுவிட்டது. புது சன்ஷேடு பத்து நாளில் எழும்பியது. தையல் பிரித்துவிட்டு வந்த மீனாவைக் கூட்டிவந்த அவள் அம்மா, வாசலிலேயே நாகஜோதிக்கு ஒரு முழம் மல்லிகை தலையில் வைத்துவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் ராயப்பனுக்கு ஒரு கவர் வந்தது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றார். ஒரு மஞ்சள் பையில் சாப்பாட்டு டப்பா, சிவப்பு மசி பேனா, கக்கத்தில் நீள நோட்டு. நாகஜோதி துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். பின்னால் சோணை வந்தான்.

"என்ன சார் எழுதிருக்காய்ங்க? காட்டுங்க" என்றான் சோணை.

கவருக்குள் ஒரே ஒரு தாள். நாகஜோதிதான் முதலில் வாங்கினாள். மூன்றே வரி. விரலை வைத்துத் தேடினாள். முதல் வரியிலேயே இருந்தது.

"சார்! இதுல ஆளு இருக்கு சார்! பி, ஒய் இருக்கு. யாருன்னு போட்ருக்கான்!"

ராயப்பன் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் அந்தப் பழைய சுளிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன.

"அது 'ஹியர்பை'. இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறதுன்னு அர்த்தம். தங்கள் சேவை இனித் தேவையில்லை என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது, இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது." தாளை வாங்கி மடித்தார். "அது வெறும் பை, நாகஜோதி. உள்ள ஆளு இல்ல."

"தூ!" என்று காறித் துப்பினான் சோணை.

"நானும் வந்துர்றேன் சார். இந்த எடத்துல இனி என்னால பெருக்க முடியாது. அருவருப்பா இருக்கு."

"பெருக்கு. கூடைய நீ கொட்டலைன்னா வேற யாரு பாப்பா? பிள்ளைக அந்தக் கக்கூசுக்குத்தான போகணும்."

தாளை நோட்டுக்குள் வைத்தார். வீட்டுக்குப் போய் ஒட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். தேதி போட்டு, கிடைத்த இடமும் எழுதுவார். சோழவந்தானில் ஒரு டியூஷன் சென்டரில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஞானத்தின் தம்பி வீடும் அங்கேதான் என்றார். எறும்பும் கூடவே வருமா சார் என்று நாகஜோதி கேட்டாள். அழாமல் இருக்க அதைத்தான் கேட்க முடிந்தது. வரும், பீரோவோட வரும் என்றார்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாகஜோதி வெளியில் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"நாளைக்குப் பிள்ளைக கேக்கும், ராயப்பன் சார் எங்கன்னு" என்றார் அவர். "'போயிட்டாரு'ன்னு சொல்லிராத. 'அனுப்பிட்டாங்க'ன்னு சொல்லு."

கண்டக்டர் விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"யாருன்னு கேட்டா பேரையும் சொல்லு!"